நயா தௌர் வழக்கு: மதுபாலா ஏன் தானே முடிவெடுக்கவில்லை?

செம்பூர்க்காரி

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து 'நயா தௌர்' பார்த்தேன். குதிரை வண்டிக்கும் பஸ்ஸுக்கும் போட்டி நடக்கிற அந்தப் படம்தான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு தகவலைச் சொன்னேன்: இதில் கதாநாயகி வேஷத்துக்கு முதலில் போட்டது மதுபாலாவை. பம்பாயில் சில நாள் படப்பிடிப்பும் நடந்தது. போபால் பக்கம் அவுட்டோர் போகவேண்டும் என்றதும் அவருடைய அப்பா அனுப்ப மறுத்துவிட்டார். அப்புறம்தான் நம்ம வைஜெயந்திமாலா வந்தார்.

"அப்போ மதுபாலாவுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டாள். 1933இல் பிறந்தவர், இது நடந்தது 1956. இருபத்துமூன்று என்றேன்.

"என் வயசு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவளே கிளம்பிப் போயிருக்கலாமே?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அப்பா கெட்டவர் என்று ஒரு வரியில் முடித்துவிட மனம் ஒப்பவில்லை. ஒன்பது வயதிலிருந்து சம்பாதித்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய பெண், ஊரே கொண்டாடிய நட்சத்திரம், ஒரு ரயில் டிக்கெட் விஷயத்தில் தானாக முடிவெடுக்க முடியவில்லை என்றால் அதற்கு வேறு ஏதோ காரணம் இருக்கவேண்டும். அந்தக் காலத்து ஒப்பந்தங்கள் எப்படி இருந்தன, யார் கையெழுத்துப் போட்டார்கள், பணம் யார் கைக்குப் போனது என்று தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் விரிவாக எழுதுங்கள். மகளிடம் படித்துக் காட்ட வேண்டும்.

டோம்பிவிலி 47

அக்கா, எனக்கு இதில் சந்தேகமே இல்லை. மதுபாலாவின் அப்பா அதாவுல்லா கான் மகளை வைத்துப் பிழைத்தார். டெல்லியில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி வேலை போனதும் குடும்பத்தோடு பம்பாய் வந்தார். 1942இல் பாம்பே டாக்கீஸின் 'பசந்த்' படத்தில் குழந்தை நட்சத்திரமாக மகளைச் சேர்த்தார். அன்று முதல் வீட்டுக்கு வந்த வருமானம் அந்தப் பெண்ணுடையது. 1947இல் 'நீல் கமல்' வந்தபோது அவளுக்கு வயது 14தான். கதாநாயகி!

செட்டில் பார்வையாளர்கள் கூடாது, பார்ட்டி கூடாது, சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு. இதெல்லாம் அவர் போட்ட சட்டம் என்று அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்.

நடிகை சுரையாவையும் பாருங்கள். தேவ் ஆனந்தோடு 1948இல் 'வித்யா', 1951இல் 'தோ சிதாரே'. இடையில் நடந்த காதலை முறித்தது பாட்டி. சுரையா அதற்குப் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 2004இல் சாகிறவரை மரைன் டிரைவ் கிருஷ்ண மஹாலில்தான் இருந்தார். நான் சர்ச்கேட்டில் வேலை பார்த்த வருஷங்களில் மதியம் அந்தக் கட்டிடத்தைத் தாண்டி நடப்பேன். கடலைப் பார்த்த வீடு. அந்தப் பாட்டியை என்னால் மன்னிக்க முடியாது.

பழைய ஸ்டெனோ

செம்பூர் அம்மா, உங்கள் மகளின் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் 1968இல் பாலக்காட்டிலிருந்து டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் சர்ட்டிபிகேட்டோடு மாட்டுங்காவில் வந்து இறங்கியவன். ஃபோர்ட் பகுதியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தேன். லாமிங்டன் ரோடு சினிமா வினியோகஸ்தர்கள், தயாரிப்பாளர்கள் சில பேர் அங்கே கட்சிக்காரர்கள். எனவே நடிகர் நடிகையர் ஒப்பந்தங்களை ரெமிங்டன் டைப்ரைட்டரில் அடிப்பது என் வேலை. ஒரிஜினலும் மூன்று கார்பன் காப்பியும். மதுபாலாவின் ஒப்பந்தம் எதையும் நான் பார்த்ததில்லை. அவர் 1969 பிப்ரவரி 23, ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்தார். 36 வயது முடிந்து ஒன்பதே நாள். திங்கள்கிழமை ஆபீசில் யாருக்கும் வேலை ஓடவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தக் காகிதங்களின் ஜாதி எனக்குத் தெரியும்.

முதலில் ஒரு சட்ட விஷயம். 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது. மோஹோரி பீபி வழக்கில் 1903இல், அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்த்துச் சொன்னது. அந்தப் பெயரை நான் எத்தனை தடவை அடித்திருப்பேனோ! ஆகவே 14 வயதுக் கதாநாயகியோடு எந்தத் தயாரிப்பாளரும் நேரடியாக ஒப்பந்தம் போட முடியாது. பெற்றவரோடு போடுவார்கள். 'என் மகளை இத்தனை நாள் நடிக்க அனுப்புவேன்' என்று அப்பா எழுதிக்கொடுப்பார். காகிதத்தின்படி அப்பாதான் கட்சி. அந்தப் பெண் ஒப்பந்தத்தின் பொருள், அவ்வளவுதான்.

மதுபாலாவுக்கு 18 முடிந்தது 1951 பிப்ரவரியில். அன்றோடு சட்டம் சொன்ன காரணம் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒன்பது வருஷமாக தயாரிப்பாளர்கள் அப்பாவிடம்தான் பேசினார்கள். கால்ஷீட் நோட்டு அப்பாவிடம். எந்த மாதம் யாருக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எவ்வளவு முன்பணம் வந்தது, எவ்வளவு பாக்கி என்பதும் அவருக்குத்தான் தெரியும். தன் கணக்கே தெரியாத ஒருவர் எப்படி முடிவெடுப்பார்? 1955இல் மகள் பெயரிலேயே கம்பெனி வைத்து 'நாத்தா' என்ற படத்தையும் எடுத்தார்கள். பெயர் அவளுடையது. நடத்தியது அப்பா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் காகிதத்தில் வருவது பாதிப் பணம். மீதி கறுப்பு, ரொக்கம். அதற்கு ரசீது கிடையாது. என் பாஸின் அறையில் அந்தப் பேச்சு வரும்போது என்னை வெளியே போகச் சொல்வார்கள், கதவு மூடிக்கொள்ளும். கதவுக்கு உள்ளே இருப்பது தயாரிப்பாளரும் நடிகையின் அப்பாவோ மாமாவோ அண்ணனோ. நடிகையை உள்ளே வைத்து அந்தப் பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை.

நயா தௌர் விஷயத்துக்கு வருகிறேன். படத்தை எடுத்த பி. ஆர். சோப்ரா கொடுத்த முன்பணம் 30,000 ரூபாய். அவுட்டோருக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா சொன்னதும் சோப்ரா வைஜெயந்திமாலாவைப் போட்டார். போட்டதோடு விடாமல், மதுபாலாவின் பெயரை அடித்து வைஜெயந்திமாலாவின் பெயரை எழுதின மாதிரி பத்திரிகையில் ஒரு விளம்பரமும் கொடுத்தார். பதிலுக்கு அதாவுல்லா கான், மகள் நடிக்கும் படங்களின் பட்டியலைப் போட்டு அதில் நயா தௌரை மட்டும் அடித்து விளம்பரம் கொடுத்தார். இரண்டு ஆண்கள் அடித்து விளையாடிய பெயர் அது. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. படத்தின் கதாநாயகன் திலீப் குமார் சோப்ராவின் பக்கம் சாட்சி சொன்னார். அதே கூண்டில் நின்று மதுபாலாவைக் காதலிப்பதாகவும் சொன்னார் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. 1957இல் படம் வெளிவந்து ஓடியது. சோப்ரா வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பணத் தகராறு அங்கேயே முடிந்தது. திலீப்புக்கும் மதுபாலாவுக்கும் நடுவே முறிந்தது முறிந்ததுதான். அதற்கப்புறமும் 'முகல்-ஏ-ஆசம்' படத்துக்காக, ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல், காதல் காட்சிகளில் நடித்தார்கள். 1960இல் படம் வந்தபோது பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை.

டோம்பிவிலித் தம்பிக்கு ஒன்று. அப்பா காதலுக்கு எதிரி என்பதுதான் ஊர்ப்பேச்சு. திலீப் குமார் தன் வாழ்க்கை வரலாற்றில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார். அதாவுல்லா கானுக்கு அந்தக் கல்யாணத்தில் சம்மதம்தானாம். தன் கம்பெனிக்கு இரண்டு நட்சத்திரங்கள் ஒரே வீட்டில் கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டாராம். அதற்கு உடன்பட மறுத்தது தான்தான் என்கிறார் திலீப். அது உண்மையானால், அந்தப் பெண்ணின் ஒரு பக்கம் தன் கம்பெனிக்கு மாப்பிள்ளை தேடிய அப்பா, இன்னொரு பக்கம் அந்த அப்பாவை விட்டு வா என்று கேட்ட காதலன். அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்ட ஆள் யார்?

இப்போது நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1974, மழைக்காலம். ஒரு புதுமுகம் கையெழுத்துப் போட வந்தாள். கூட வந்தவர் அவளுடைய மாமா. குடை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை என் மேஜைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கையெழுத்து விழவேண்டிய இடத்திலெல்லாம் நான் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பேன். மாமா பக்கத்தைப் புரட்டுவார், விரலை வைப்பார், அவள் எழுதுவாள். புரட்டு, விரல், கையெழுத்து. நான் ப்யூனிடம் தமிழில் டீ சொன்னதைக் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்து மெதுவாக, "அண்ணா, இதுல எத்தனை நாள்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

45 நாள். நான்தான் அடித்தேன். கண்ணை மூடினாலும் அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் மாமாவைப் பார்த்தேன். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ போடு" என்றார். அவள் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. வயதுக்கு வந்த பெண், தன் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு எண்ணைக் கேட்டாள். அதைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்கவில்லை. ஐம்பது வருஷமாகிறது, அம்மா. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அவளே கிளம்பியிருக்கலாம்தான். ஆனால் எந்த ஊருக்கு, எத்தனை நாளைக்கு, எந்த ஒப்பந்தத்தின்படி என்று அவளிடம் சொல்ல அந்த அறையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். என்னைப் போன்றவர்கள்தான் இருந்திருப்பார்கள்.

எக்கோ டெக்னீஷியன், சயான்

ஸ்டெனோ சார் எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் 22 வருஷமாக இதய எக்கோ எடுக்கிறவள். யாரும் தொடாத ஒரு பக்கம் இருக்கிறது: அவர் உடம்பு.

மதுபாலாவுக்கு இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் ஓட்டை என்றே எழுதியிருக்கிறார்கள். பிறவியிலேயே வருவது. அந்த ஓட்டை பெரிதாக இருந்தால் நுரையீரலுக்கு வேண்டியதற்கு மேல் ரத்தம் பாயும். வருஷக்கணக்கில் அப்படிப் பாய்ந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகிப்போகும். மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரிக்கும், இருமினால் ரத்தம் வரும். அந்த நிலைக்குப் போனபின் ஓட்டையை அடைத்தால் ஆள் பிழைக்க மாட்டார். இன்று எங்களிடம் கைக்குழந்தையைக் கொண்டுவருகிறார்கள். கலர் டாப்ளர் ஸ்கேனில் அரை மணிக்குள் ஓட்டை தெரிந்துவிடும். பெரிதாக இருந்தால் முதல் வருஷத்திலேயே ஒட்டுப் போட்டு மூடிவிடுகிறார்கள்.

அவருக்கு ரத்தம் வந்தது நம்ம சென்னையில். 1954, ஜெமினி வாசனின் 'பஹுத் தின் ஹுவே' படப்பிடிப்பில். அதே 1954 மார்ச்சில்தான் அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரத்தில் லில்லெஹை என்ற சர்ஜன் முதன்முதலாக இப்படிப்பட்ட ஓட்டையைத் திறந்த இதயத்தில் அடைத்தார். இதய நுரையீரல் இயந்திரம் கையில் இல்லாததால் குழந்தையின் ரத்த ஓட்டத்தை அதன் அப்பாவின் உடம்போடு குழாயால் இணைத்து வைத்து ஆபரேஷன் செய்தார். அந்தக் குழந்தை பதினொரு நாளில் இறந்தது. உலகத்தில் மருத்துவம் அந்த இடத்தில் இருந்தது. பம்பாயில் ஒரு அப்பா என்ன செய்திருக்க முடியும்?

அதனால் 1956இல் வெயிலிலும் தூசியிலும் வாரக்கணக்கில் அவுட்டோர் அனுப்பமாட்டேன் என்று சொன்னதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட நோயாளிகளைத் தினம் பார்க்கிறவள் சொல்கிறேன், அது சரியான முடிவு.

ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. 1954இல் ரத்தத்தைப் பார்த்தபின் வேலையைக் குறைத்தார்களா? 1955இல் 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55'. 1958இல் மட்டும் 'ஹௌரா பிரிட்ஜ்', 'காலா பானி', 'ஃபாகுன்', 'சல்தி கா நாம் காடி'. இன்னும் இருக்கின்றன. 'முகல்-ஏ-ஆசம்' படத்தில் நிஜச் சங்கிலியைப் பூட்டிக்கொண்டு நின்றார். நோய் வெளியே தெரிந்தால் யாரும் புக் பண்ண மாட்டார்கள் என்று மறைத்தார்கள். போபாலுக்குப் போகாமல் காத்த கை, ஸ்டுடியோவுக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. 1960இல் கிஷோர் குமாரைக் கல்யாணம் செய்து லண்டன் போனபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

எங்கள் லேபுக்குப் பெண் நோயாளி வந்தால் ரிப்போர்ட்டைக் கூட வந்தவர் கையில்தான் கேட்பார்கள். நான் நோயாளியின் கையில்தான் கொடுப்பேன். அவள் படுக்கையிலிருந்து எழுந்து புடவையைச் சரி செய்துகொள்ளும்வரை காத்திருந்து கொடுப்பேன்.

டோம்பிவிலி 47

அவுட்டோர் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன். ரத்தம் வந்த கதை எனக்குத் தெரியும், இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. சுரையாவின் பாட்டி விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறாது.

ஒரு சந்தேகம். வைஜெயந்திமாலாவும் பாட்டி யதுகிரி தேவியோடுதான் எங்கும் போவார். அவர் மட்டும் எப்படி போபாலுக்குப் போனார்?

பழைய ஸ்டெனோ

தம்பி, நல்ல கேள்வி. காவலாக ஒருவர் கூடப் போவது வேறு, கணக்கைக் கையில் வைத்திருப்பது வேறு. நான் அடித்த ஒப்பந்தங்களில் அவுட்டோர் என்றால் தனி ஷரத்து இருக்கும். நடிகையோடு ஒருவருக்கு ரயில் டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு தயாரிப்பாளர் செலவு. பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான் போவார்கள். வெளியூரில் வயசுப் பெண்ணைத் தனியாக விடமுடியாத காலம், அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த வீட்டுக்குள் எப்படி இருந்தது என்று நான் பேசமாட்டேன். வைஜெயந்திமாலா நாட்டியமும் சினிமாவும் கடந்து பாராளுமன்றம் வரை போனவர்.

செம்பூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. மகளிடம் முழுவதையும் படித்துக் காட்டினேன். 45 நாள் என்ற இடத்தில் என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. அவள் போனை வாங்கி மீதியைப் படித்தாள்.

ஸ்டெனோ சார், நீங்கள் எழுதியதை என் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். 82 வயது. 1962இலிருந்து வி.டி. ஸ்டேஷன் பக்கம் ஒரு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். அதுவரை சும்மா இருந்தவள் தன் சம்பளக் கவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒன்றாம் தேதி பழுப்புக் கவரில் கொடுப்பார்களாம், வாய் ஒட்டியிருக்கும். ஒட்டினது ஒட்டினபடியே மாட்டுங்காவுக்குக் கொண்டுவந்து தாத்தாவிடம் கொடுக்க வேண்டும். தாத்தா பிரித்து எண்ணி, ரயில் பாஸுக்கு மட்டும் எடுத்துத் திருப்பிக் கொடுப்பாராம். தாத்தா நல்லவர், அம்மாவை ஒரு அதட்டுக்கூடப் போட்டதில்லை. அம்மாவின் சம்பளத்தில்தான் இரண்டு மாமாவும் படித்தார்கள். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை.

"கல்யாணத்துக்கு அப்புறம் முதல் மாசம் கவரை ரயில்லயே பிரிச்சேன்" என்றாள். "லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல நின்னுண்டே எண்ணினேன். சரியாத்தான் இருந்தது. மஸ்ஜித் பந்தர் தாண்டினதும் மறுபடி ஒரு தடவை எண்ணினேன்."